மே மாதத்தில் ஆல்ப்ஸ் வழியே கார்ப் பயணம்: ஏழு நாடுகளா, நான்கு நாடுகளா?

நொய்யல்_ரகு:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மே மாதம், பிள்ளைகளின் கோடை விடுமுறையில், குடும்பத்தோடு ஐரோப்பா சென்று அங்கே வாடகைக்குக் கார் எடுத்து நாங்களே ஓட்டிச் சுற்றலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, அறுபதைத் தாண்டிய அம்மா, ஆறும் பத்தும் வயதான இரு பிள்ளைகள் என ஐந்து பேர். கையில் ஏறத்தாழ இரண்டு வாரம் இருக்கிறது. வால்பாறை, ஊட்டி மலைப்பாதைகளில் ஓட்டிப் பழக்கம் உண்டு. சாலையின் வலப்பக்கம் ஓட்டியதில்லை.

நான் போட்டு வைத்திருக்கும் வழி இது: பிராங்க்பர்ட்டில் இறங்கி, ஸ்ட்ராஸ்பர்க், லூசர்ன், மிலான், வெனிஸ், லுப்லியானா, சால்ஸ்பர்க், பிராக் ஆகிய ஊர்களைப் பார்த்துவிட்டு மீண்டும் பிராங்க்பர்ட். ஏழு நாடுகள், கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 2,400 கி.மீ. வருகிறது. இரண்டு வாரத்துக்கு இது பெரிய தூரமில்லை என்றே நினைக்கிறேன். இதற்கிடையில் இத்தாலியின் ஸ்டெல்வியோ மலைக் கணவாயையும் எப்படியாவது சேர்த்துவிட வேண்டும். படங்களில் அந்த வளைவுகளைப் பார்த்ததிலிருந்துதான் இந்த ஆசையே வந்தது. வழியில் எங்கெங்கே நிற்பது பயனுள்ளது, எதை விடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இசார்க்கரை:

வணக்கம் ரகு. மியூனிக்கில் வசிக்கிறேன், இந்தப் பகுதிகளில் குடும்பத்தோடு அடிக்கடி ஓட்டுவதால் சொல்கிறேன். உங்கள் திட்டத்தில் தூரம் சிக்கலே இல்லை. நீங்கள் எழுதியிருப்பவை அனைத்தும் நகரங்கள் என்பதுதான் சிக்கல். நகரத்தில் கார் உங்களுக்கு உதவாது, உங்கள் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெனிஸில் கார் ஊரின் வாயிலில் உள்ள பியாட்சாலே ரோமா சதுக்கம் வரைதான் போகும். அங்கே நாள் வாடகை கட்டி நிறுத்திவிட்டுப் பெட்டிகளைப் பாலப் படிகளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மிலானின் நடுப்பகுதிக்குள் வார நாள்களில் நுழைந்தாலே கட்டணம். பிராகில் தெருவோர இடங்களில் பெரும்பகுதி அங்கே குடியிருப்பவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. இந்த ஊர்களை எல்லாம் ரயில் மிக நன்றாக இணைக்கிறது. அவற்றைப் பார்ப்பதே நோக்கமென்றால் கார் எடுக்காமல் போவதுதான் நல்லது.

கார் எடுப்பதன் பயன், ரயில் எட்டாத பள்ளத்தாக்குகளிலும், பேருந்து நாளுக்கு நான்கு முறை மட்டும் வரும் ஏரிக்கரைகளிலும், நினைத்த இடத்தில் நிறுத்தி அம்மாவைக் காற்று வாங்கச் சொல்லும் மலைவளைவுகளிலும்தான் தெரியும். ஆகவே எத்தனை நாடு என்று தொடங்காமல், எந்தச் சாலைகளில் ஓட்ட வேண்டும் என்று தொடங்குங்கள். மியூனிக்கில் கார் எடுத்து மியூனிக்கிலேயே திருப்பிக் கொடுக்கும் ஒரு வட்டம் போதும்: சால்ஸ்பர்க் ஏரிப்பகுதி, குரோஸ்குளோக்னர் மலைச்சாலை, ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரியும் சோச்சா பள்ளத்தாக்கும், இத்தாலியின் டோலோமைட் மலைகள், ரெஷன் கணவாய், ஃபூசன், மீண்டும் மியூனிக். நான்கு நாடுகள்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்கலாம், ஓரிரு நாள்கள் தவிர. ஒரு நாட்டில் எடுத்து வேறொரு நாட்டில் விட்டால் பல வாடகை நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்கும். சில சமயம் அது காரின் வாடகையையே நெருங்கிவிடும். வட்டமாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சூரிச்_சிவா:

வணக்கம். சுவிசை இப்படி ஒரேயடியாக வெட்டி எறிவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முதல் முறையாக ஐரோப்பாவுக்கு வரும் தாயாரிடம், இவ்வளவு தூரம் வந்தும் சுவிற்சர்லாந்து பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? லூசேர்னும் இன்ரலாக்கனும் வீணான இடங்கள் அல்ல. நெடுஞ்சாலைக்கான விக்னெற், அதாவது சாலைக் கட்டணச் சீட்டு, 40 பிராங்க்தான். அதற்கு மேல் எந்தச் சாலைக் கட்டணமும் பெரும்பாலும் இல்லை. கோத்தார்ட் சுரங்கத்துக்குக்கூடத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த 40 பிராங்க் முழு ஆண்டுக்கும் உரியது. பத்து நாளுக்கு, இரண்டு மாதத்துக்கு என்ற வகை இங்கே கிடையாது. ஐந்து பேருக்கான தங்குமிடமும் உணவும் ஒஸ்திரியாவையும் ஸ்லோவேனியாவையும் விட இங்கே கணிசமாகக் கூடுதல். மே மாதத்தில் கோத்தார்ட், ஃபூர்க்கா, கிறிம்செல் போன்ற உயரமான கணவாய்கள் பெரும்பாலும் பனியால் மூடியிருக்கும். யூலியர், ஓஃபன் போன்றவை ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். ஆகவே மலைச்சாலைக்காக மட்டும் வருகிறீர்கள் என்றால் மே மாதம் சுவிசுக்கு உகந்த மாதம் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நொய்யல்_ரகு:

இசார்க்கரை அக்கா, சிவா அண்ணா, இருவருக்கும் நன்றி. வட்டப்பாதை யோசனை மனைவிக்கு உடனே பிடித்துவிட்டது. மே மாதம் என்றால் ஸ்டெல்வியோவும் மூடியிருக்குமா? பள்ளி விடுமுறையை மாற்ற முடியாது. இன்னொன்று: அம்மாவுக்கு மலைவளைவுகளில் தலைசுற்றலும் வாந்தியும் வரும். வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளையே பாதி வழியில் இறங்கி உட்கார்ந்துதான் கடப்பார்.

மலைப்பாதை:

ஸ்டெல்வியோ பற்றி நான் சொல்கிறேன். 2,757 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தக் கணவாய் பொதுவாக மே இறுதியிலோ ஜூன் மாதத்திலோதான் திறக்கப்படும். எந்த நாள் என்பது அந்த ஆண்டின் பனியைப் பொறுத்தது. மே மாதத்துக்கு அதை நம்பி அறை பதிவு செய்யக் கூடாது. ட்ராஃபோய் என்ற சிற்றூர் வரை போகலாம். அங்கிருந்து 3,905 மீட்டர் உயர ஓர்ட்லர் சிகரம் தலைக்கு மேலே நிற்பது போலத் தெரியும். 1820-களில் ஆஸ்திரியப் பேரரசு வட இத்தாலியின் லொம்பார்டியைத் தன் கையில் வைத்திருந்த காலத்தில், கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் ஐந்தாண்டுகளில் வெட்டிய சாலை அது. வடக்குப் பக்கம் மட்டும் 48 வளைவுகள் உண்டு. உங்கள் அம்மாவின் நிலைமையில், அது மூடியிருப்பதும் ஒரு வகையில் நல்லதே என்பேன்.

அதற்குப் பதிலாக மே மாதத்துக்கே உரிய காட்சி ஒன்று உங்கள் வழியிலேயே இருக்கிறது. குரோஸ்குளோக்னர் உயர்மலைச் சாலை பெரும்பாலும் மே தொடக்கத்தில் திறக்கப்படுகிறது. குளிர்காலம் முழுவதும் படிந்த பனியை, அந்தச் சாலையை வடிவமைத்த ஃபிரான்ஸ் வல்லாக்கின் பெயரால் வழங்கும் சுழல் பனிவாரி இயந்திரங்கள் வெட்டி ஒதுக்குகின்றன. 1953-இல் செய்யப்பட்ட அந்த இயந்திரங்களே இன்றும் வேலை செய்கின்றன. அவை வெட்டிய பின், சாலையின் இருபுறமும் காரைவிட உயரமான வெண்சுவர்கள் நிற்கும். வெட்டிய சுவரின் முகத்தை அருகில் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு பனிப்பொழிவும் தனித்தனி அடுக்காகத் தெரியும். சில அடுக்குகள் அழுக்கு மஞ்சளாகவும் இருக்கும். ஜூலையில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. 1935-இல் திறக்கப்பட்ட இந்தச் சாலை 48 கி.மீ. நீளம், 36 வளைவுகள். முதன்மைச் சாலையில் மிக உயர்ந்த இடம் 2,504 மீட்டரில் ஹோக்டோர். வளைவுகள் அகலமானவை, சரிவும் சீரானது என்பதால், மெதுவாக ஓட்டினால் அம்மாவுக்கு வால்பாறையை விட எளிதாகவே இருக்கும். முன்னிருக்கையில் உட்கார வையுங்கள். எண்ணற்ற நிறுத்துமிடங்கள் உள்ளன, ஒன்றையும் விடாமல் நின்று போங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இரவில் சாலை மூடப்படும். பனி திடீரென்று விழுந்தால் பகலிலும் மூடுவார்கள். அப்படி மூடினால் மிட்டர்சில் பக்கமிருந்து ஃபெல்பர்டவர்ன் சுரங்கம் வழியாக லியென்ஸ் போய்விடலாம். அதற்கும் கட்டணம் உண்டு, ஆனால் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். மறுபுறம் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழ் கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் காரிலும் கியரைக் கையால் குறைக்கும் வசதி இருக்கும். கார் எடுக்கும் இடத்திலேயே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:

காட்சிகளை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கட்டணமும் காகிதமும் என் பங்கு.

ஜெர்மனியில் காருக்குச் சாலைக் கட்டணம் இல்லை. ஆஸ்திரியாவின் ஆட்டோபான் எனும் அதிவேக நெடுஞ்சாலைகளுக்கு விக்னெட் வேண்டும். ஒரு நாள், பத்து நாள், இரண்டு மாதம், ஓராண்டு என்று வகைகள் உண்டு, உங்களுக்குப் பத்து நாள் போதும். குரோஸ்குளோக்னர் சாலை அதில் சேராது. அதற்குத் தனியாக ஒரு காருக்கு 40 யூரோவுக்கு மேல் ஆகும். ஸ்லோவேனியாவில் 2022 முதல் காருக்கு மின்னணு விக்னெட் மட்டுமே. ஏழு நாளுக்கானது சுமார் 16 யூரோ. இத்தாலியில் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம்: நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது கட்ட வேண்டும். மஞ்சள் நிறத்தில் டெலிபாஸ் என்று எழுதிய தடத்துக்குள் தவறியும் நுழையாதீர்கள். அது கருவி பொருத்திய வண்டிகளுக்கு உரியது.

மின்னணு விக்னெட் காரின் பதிவு எண்ணோடு இணைவது. வாடகைக் காரின் எண் சாவி கையில் கிடைக்கும்போதுதான் தெரியும் என்பதால், ஊரிலிருந்தே வாங்கி வைக்க முடியாது. சாவி வாங்கியதும், வண்டியை எடுக்கும் முன்பே, எண்ணை நேரில் பார்த்துக் கைப்பேசியில் வாங்கிவிடுங்கள்; ஓ என்ற எழுத்தையும் சுழியத்தையும் மாற்றிப் போட்டால் விக்னெட் இல்லாததாகவே கேமரா கணக்கிடும்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். அதோடு நம் ஊர் உரிமத்தின் மூலப்படியும் கையில் இருக்க வேண்டும். முன்பணம் பிடிக்கும் கடன் அட்டை, ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கும். மனைவியும் ஓட்டுவதாக இருந்தால் இரண்டாம் ஓட்டுநராகப் பதிவு செய்யுங்கள். எந்தெந்த நாடுகளுக்குள் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்; சொல்லாமல் எல்லை கடந்தால் காப்பீடு செல்லாமல் போகலாம். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் 150 செ.மீ. உயரம் எட்டாத பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். பத்து வயதுப் பிள்ளைக்கும் உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கை தேவைப்படலாம்.

இத்தாலியப் பழைய நகரங்களின் வாயிலில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகையும் இசட்.டி.எல். என்ற எழுத்துகளும் இருந்தால், அனுமதி இல்லாத வண்டி உள்ளே போகக் கூடாது. யாரும் உங்களை நிறுத்த மாட்டார்கள். கேமரா படம் எடுக்கும். மாதங்கள் கழித்து அபராதம் வாடகை நிறுவனம் வழியாக வரும், அந்த நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணமும் எடுக்கும். விடுதி அந்த எல்லைக்குள் இருந்தால், வண்டி எண்ணைப் பதிவு செய்யும்படி முன்பே அவர்களுக்கு எழுதுங்கள். வண்டி நிறுத்தும்போது நீலக் கோடு கட்டணம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு ஒதுக்கப்பட்டது என்று நினைவில் வைத்தால் போதும்.

நொய்யல்_ரகு:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி ஐயா. ஸ்லோவேனியாவில் பிளெட் ஏரியைத் தவிர வேறு எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே மூன்று நான்கு இரவுகள் தங்குவதற்கு உண்மையிலேயே விஷயம் இருக்கிறதா?

மலைப்பாதை:

இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த வட்டத்தின் சிறந்த பகுதியே அதுதான், பிளெட் உட்பட அல்ல, பிளெட்டைத் தாண்டி.

பிளெட்டை இழிவாகச் சொல்லவில்லை. தீவுக் கோயிலுக்குத் துடுப்புப் படகில் போய் 99 படிகள் ஏறி மணி அடித்துவிட்டு வருவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்; கரையில் உள்ள பார்க் ஹோட்டலின் கிரெம்ஷ்னிட்டா கேக்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் அது அரை நாள் வேலை. அங்கிருந்து அரை மணி நேரத்தில் அடையக்கூடிய போஹின் ஏரி பிளெட்டை விடப் பெரியது. கரையில் கட்டடங்கள் மிகக் குறைவு, கூட்டமும் குறைவு. மழை பெய்தால் போஸ்டோய்னா குகைக்குப் போய்விடுங்கள். உள்ளே சிறு ரயில் ஓடுகிறது. இருட்டிலேயே வாழ்ந்து கண் இழந்த ஓல்ம் என்ற வெளிறிய நீர்வாழ் உயிரைத் தொட்டிகளில் காணலாம்.

பிறகு வ்ர்ஷிச் கணவாய். கிரான்ஸ்கா கோராவிலிருந்து பொவெட்ஸ் வரை 50 வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். ஏறும் பக்கத்தில் வளைவின் திரும்பு பகுதி மட்டும் கருங்கல் பாவியது. தார் முடிந்து கல் தொடங்கும் இடத்தில் டயரின் ஒலி சட்டென்று மாறும், ஈரமாக இருந்தால் வழுக்கும். முதல் உலகப் போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை, ரஷ்யப் போர்க் கைதிகளைக் கொண்டு வெட்டிய சாலை இது. 1916 மார்ச்சில் ஒரு பனிச்சரிவு அவர்களில் பெருந்தொகையினரைப் புதைத்தது. பிழைத்தவர்கள் மரத்தால் கட்டிய சிறு ரஷ்யத் தேவாலயம் எட்டாம் வளைவருகே இன்றும் இருக்கிறது. அம்மாவுக்கு முதல் நிறுத்தம் அங்கேதான். முடியவில்லை என்றால், இத்தாலியின் டார்விசியோ சென்று பிரெடில் கணவாய் வழியாகச் சற்று எளிதாகப் பொவெட்ஸ் அடையலாம்; பனி மிஞ்சியிருந்து வ்ர்ஷிச் மூடியிருந்தாலும் அதே வழிதான்.

மறுபுறம் இறங்கியதும் சோச்சா ஆறு. அதன் நிறத்தை எழுதிப் பயனில்லை, போய்ப் பாருங்கள். அந்த ஆற்றின் கரையில்தான் 1915 முதல் 1917 வரை இத்தாலியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் பன்னிரண்டு முறை மோதின. பன்னிரண்டாவது மோதல் கோபாரிட் அருகே 1917 அக்டோபரில் இத்தாலியின் பெருந்தோல்வியில் முடிந்தது. அதன் இத்தாலியப் பெயர் கபொரெட்டோ. கோபாரிட் ஊரின் நடுவே உள்ள போர் அருங்காட்சியகம் பெரியதல்ல. வெற்றி பெற்றவர், தோற்றவர் என்று பிரிக்காமல் எல்லாத் தரப்புச் சிப்பாய்களையும் ஒன்றாகக் காட்டுகிறது. ஊருக்கு மேலே, 7,000-க்கும் மேற்பட்ட இத்தாலியச் சிப்பாய்களின் எச்சங்கள் வைக்கப்பட்ட எண்கோண நினைவகம் 1938-இல் எழுப்பப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். ஆறு வயதுக்காரரை ஆற்றங்கரைத் தொங்குபாலத்துக்கு அழைத்துப் போய்விடலாம்.

சூரிச்_சிவா:

ஏரிக்கரை ஊரான ஹால்ஷ்டாட்டை யாரும் குறிப்பிடவில்லையே? சால்ஸ்பர்க் பக்கம் வந்தால் அதைப் பார்க்காமல் போவதா?

இசார்க்கரை:

வேண்டுமென்றேதான் விட்டேன், சிவா. சுமார் 750 பேர் வசிக்கும் ஊருக்குப் பருவ நாள்களில் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். அதனால்தான் சுற்றுலாப் பேருந்துகளுக்கு நேரம் ஒதுக்கும் முறையையே கொண்டுவந்தார்கள். நண்பகலில் போனால் ஊரைக் காண மாட்டீர்கள், முதுகுகளைத்தான் காண்பீர்கள். போகத்தான் வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குள் போய், பத்து மணிக்குள் வெளியேறி, அருகில் உள்ள கோசாவ் ஏரிக்குப் போய்விடுங்கள். டாக்ஷ்டைன் பனிமலையின் நிழல் தண்ணீரில் விழும் அந்த ஏரிக்கு, கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான், அம்மாவும் நடக்கலாம்.

டோலோமைட் பகுதி பற்றி மே மாதத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. இதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதில்லை. பனிச்சறுக்குப் பருவம் ஏப்ரலில் முடியும், கோடைப் பருவம் ஜூனில் தொடங்கும். இடைப்பட்ட வாரங்களில் கோர்ட்டினா போன்ற உயரமான ஊர்களில் விடுதிகளும் மலை ஏற்றுத் தொங்குவண்டிகளும் பெரும்பகுதி மூடியிருக்கும். ஆகவே கோர்ட்டினாவில் தங்காமல் போல்சானோவிலோ பிரிக்சனிலோ தங்குங்கள். கீழே பள்ளத்தாக்கில் மே மாதம் இதமான வெயில், ஆப்பிள் தோட்டங்கள் பச்சை பிடித்திருக்கும், மலைகளில் பனி இன்னும் வெள்ளையாக இருக்கும். ஃபால்சாரேகோ, போர்டோய் போன்ற கணவாய்ச் சாலைகளைக் குளிர்காலத்திலும் பனி ஒதுக்கித் திறந்து வைப்பதால், மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு மாலையில் கீழே இறங்கிவிடலாம். பிராயெஸ் ஏரிக்கு ஜூலை, ஆகஸ்டில் முன்பதிவு இல்லாமல் காரில் நெருங்கவே முடியாது. மே மாதத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

போல்சானோவில் ஓட்சி இருக்கிறான். 5,300 ஆண்டுகளுக்கு முன் அம்பு பட்டு இறந்து பனியில் உறைந்துபோன மனிதன்; 1991-இல் மலையேறிகள் கண்டெடுத்தார்கள். ஆஸ்திரியா தன்னுடையவன் என்று முதலில் எடுத்துச் சென்றது. பிறகு அளந்து பார்த்ததில், கிடந்த இடம் எல்லையிலிருந்து 92.56 மீட்டர் இத்தாலிக்குள் இருந்தது. அருங்காட்சியகத்தில் ஒரு சிறு சாளரம் வழியாக அவனைப் பார்க்கலாம். அவன் அணிந்த புல் அடைத்த காலணியும் கரடித்தோல் தொப்பியும் பக்கத்து அறைகளில். நுழைவுச் சீட்டை முன்பே வாங்கிவிடுங்கள், திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் மூடியிருக்கும். போல்சானோ இருக்கும் தென் டிரோல் மாநிலத்தில் பல விடுதிகள் தங்கும் நாள்களுக்கு இலவசப் போக்குவரத்து அட்டை தருகின்றன. ஒரு நாள் காரைத் தொடாமல், போல்சானோவிலிருந்து ரெனோன் மலைக்குத் தொங்குவண்டியில் ஏறி, மேலே ஓடும் பழைய சிறு ரயிலில் போய் வாருங்கள். ஓட்டுநருக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா!

திரும்பும்போது, இத்தாலியையும் ஆஸ்திரியாவையும் இணைக்கும் பிரென்னர் நெடுஞ்சாலையைத் தவிர்ப்பது நல்லது. லூயக் பாலத்தின் வேலை நடப்பதால் 2025 முதல் அங்கே பல நாள்களில் திசைக்கு ஒரு தடம்தான். மே இறுதியில் பவேரியாவின் பெந்தெகொஸ்தே விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். நெரிசலைக் கண்டு கைப்பேசி காட்டும் கிராமத்துச் சாலைகளில் இறங்கிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் நெரிசல் பருவத்தின் வார இறுதிகளில் அந்தக் குறுக்குவழிகளைக் கடந்து செல்பவர்களுக்குத் தடை செய்கிறது, காவலர் திருப்பி அனுப்புவார். நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து நிற்கத் தொடங்கினால், இடக்கோடித் தடத்தில் இருப்பவர்கள் இடதோரமாகவும் மற்ற எல்லாரும் வலதோரமாகவும் ஒதுங்கி, நடுவே ஆம்புலன்சுக்கு வழி விட வேண்டும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இது சட்டம். ஆம்புலன்ஸ் வந்த பிறகு ஒதுங்குவது அல்ல, நிற்கும்போதே ஒதுங்குவது.

சூரிச்_சிவா:

பிரென்னருக்குப் பதிலாக ரெஷன் வழி போவதானால் நானும் அக்காவுடன் உடன்படுகிறேன். அந்தக் கணவாயின் ஏரியில், தண்ணீருக்கு நடுவே ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் தனியே நிற்கும். மின்சாரத்துக்காக அணை கட்டி 1950-இல் கிராவுன் என்ற ஊரையே மூழ்கடித்தார்கள். வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தபோது, பதினான்காம் நூற்றாண்டுக் கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். ஊர் மக்கள் மேட்டில் புதிய ஊர் கட்டிக் குடியேறினார்கள். மே மாதத்தில் அணையின் நீர்மட்டம் தாழ்ந்திருக்கலாம். அப்போது கோபுரத்தின் அருகிலேயே நடந்து போக முடியும்.

இனி என்னுடைய சுவிஸ் விடயம். ரெஷனுக்கு முன் குளூர்ன்ஸ் என்ற மதில் சூழ்ந்த சிற்றூர் வரும். அங்கிருந்து மேற்கே திரும்பினால் கால் மணி நேரத்தில் சுவிஸ் எல்லை. எல்லையைத் தாண்டியவுடன் மியுஸ்ரையர் மடம். பேரரசர் சார்லமேன் காலத்துச் சுவரோவியங்கள், ஏறத்தாழ 1,200 ஆண்டு பழையவை, 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. இது சாதாரணச் சாலை என்பதால் விக்னெற் தேவையில்லை. மடத்தைப் பார்த்து, ஒரு கோப்பி குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பலாம். தாயார் சுவிசும் பார்த்துவிட்டார் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம், உங்களுக்கு ஒரு பிராங்க் சாலை வரியும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் சுவிசின் பெயரையும் எழுதி வாங்க மறக்காதீர்கள்.

நொய்யல்_ரகு:

எல்லாவற்றையும் வைத்து வழியை இப்படி மாற்றியிருக்கிறேன். முதலிரவு மியூனிக்; விமானக் களைப்போடு ஓட்டாமல், மறுநாள் காலையில்தான் கார் எடுக்கிறோம். பிறகு சால்ஸ்பர்க் ஏரிப்பகுதியில் இரண்டு இரவு. அங்கிருந்து லோஃபர், செல் அம் சே வழியாகக் குரோஸ்குளோக்னர் ஏறி, லியென்ஸ், பில்லாக் தாண்டிப் பிளெட் வரை ஒரே நாள்; நீண்ட நாள்தான், காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம். பிளெட்டில் மூன்று இரவு, கோபாரிட்டில் ஒன்று. அடுத்து உடினே, டோல்மெட்சோ, மிசுரினா ஏரி வழியாகப் பிரிக்சன். அங்கே நான்கு இரவு. ரெஷன், ஃபெர்ன்பாஸ் வழியாக ஃபூசனில் ஓரிரவு, நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை, கடைசி இரண்டு இரவு மியூனிக். ஸ்டெல்வியோவுக்குப் பதில் ட்ராஃபோய் வரை ஏறி இறங்குவோம். மடத்தையும் சேர்த்துவிட்டேன், சிவா அண்ணா.

அம்மா முட்டை சேர்க்காத சைவம் என்பதால் எல்லா இடத்திலும் சமையலறை உள்ள வீடுகளையே பார்க்கிறேன். விசாவுக்கு ஜெர்மனியிடம் விண்ணப்பிக்க இருக்கிறேன், அங்கேதானே இறங்குகிறோம்.

இசார்க்கரை:

நல்ல வழி. பிளெட் போகும் அந்த நாள் எனக்குக் கனமாகத் தோன்றுகிறது. மலைச்சாலையில் நிற்கவே அரை நாள் ஆகும். ஏரிப்பகுதியின் ஓர் இரவைக் குறைத்து லியென்ஸில் தங்கினால் அம்மாவுக்கு நல்லது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா மூன்றிலும் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே தயிரும் காய்கறியும் வாங்கிவிடுங்கள். தென் டிரோலில் கீரை உருண்டை என்று கேட்டு வாங்கினாலும், உள்ளே முட்டையும் சில இடங்களில் பன்றி இறைச்சித் துண்டும் இருக்கும். ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

விசா பற்றி ஒரு திருத்தம். இந்த நாடுகள் அனைத்துக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை இறங்கும் நாட்டிடம் அல்ல, அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. உங்கள் திட்டத்தில் ஜெர்மனி நான்கு இரவு, ஸ்லோவேனியா நான்கு, இத்தாலி நான்கு. விதிப்படி ஜெர்மனியே சரி. ஆனால் இடையில் ஏதேனும் ஒரு விடுதியை மாற்றி ஓர் இரவு நகர்ந்தால், விண்ணப்பத்தில் காட்டிய கணக்கும் பதிவுகளும் முரண்படும். கோபாரிட் இரவை மியூனிக்குக்கு மாற்றுவதை விட, பிளெட்டில் ஓரிரவைக் குறைத்து ஃபூசனில் ஒன்றைக் கூட்டினால், ஜெர்மனி ஐந்தாகித் தெளிவாக முன்னிற்கும்; கோட்டையை அவசரமின்றிப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். புறப்படும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதப் பயணத்துக்கு நேர்காணல் இடங்கள் பிப்ரவரியிலேயே நிரம்பத் தொடங்கும் என்பதால், பொங்கல் முடிந்ததும் கோப்பைத் தயார் செய்யுங்கள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அம்மாவின் வயதுக்கு அதைவிடக் கூடுதலாக எடுப்பதே சரி.